ஐந்து இல்லாத டெலிபோன்

அத்தியாயம் 6

“மனித இனம் தோன்றிய நாளிலிருந்து மூளையுள்ள எவனும் மலையிலிருந்து கயிற்றில் இறங்கியது கிடையாது. மூளையுள்ளவன் படிக்கட்டு வெட்டினான்.”

இதைச் சொன்னபோது துப்பறியும் நிபுணர் தணிகாசலத்தின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஆம்னி வேனின் முன்சீட்டில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, உலக நாடுகளின் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பவர் போலச் சொன்னார். வேனில் கருவாட்டு வாசனை அடித்தது. தீர்மானத்தின் கம்பீரம் அதனால் குறைந்ததாக அவர் நினைக்கவில்லை.

“எழுதிக்கோ கிரேஸ். சரித்திரத்துக்கு உதவும்.”

“வண்டி ஓட்டிகினு எப்படி சார் எழுதறது? ஆனா மனசுல வெச்சுக்கறேன்,” என்றாள் உதவியாளர் கிரேஸ், ஊத்துக்கோட்டை சாலையில் ஒரு ஷேர் ஆட்டோவை ஒதுக்கிவிட்டு. “போன வருஷம் ‘மூளையுள்ளவன் செல்போன் வாங்க மாட்டான்’னு சொன்னீங்க. அதை எழுதி வெச்சிருக்கேன். நீங்க வாங்கின பில்லையும் பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்கேன்.”

கிரேஸ், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னபோது, “இல்லைன்னு சொல்லச் சொல்றாரு” என்று சொன்னதால் வேலை போனது. உண்மையை வைத்துப் பிழைக்கக்கூடிய ஒரே இடம் என்று தணிகாசலத்திடம் சேர்ந்தாள். அந்த நினைப்பும் முதல் வாரத்திலேயே போய்விட்டது.

பின்சீட்டில் இருந்த ஜபீன் சிரிக்கவில்லை. பழவேற்காட்டில் கருவாடு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் அவளுடையது. வேனும் அவர்களுடையதுதான்.

“நாலு மணிக்குத் திருவள்ளூர் கோர்ட்டுக்கு இட்டுனு போறாங்களாம் சார். கொலை முயற்சின்னு போட்டுக்கிறாங்க,” என்றாள். “என் தம்பி கயித்தை அறுக்கறவன் இல்ல சார். கயித்தைத் தலைமாட்டுல வெச்சுகினு தூங்கறவன்.”

தம்பியின் பெயர் ஷாஹுல். மூன்று தலைமுறையாகக் கடலைப் பார்த்தே பிழைத்த குடும்பத்தில், மணாலி போய் மலையேற்றம் படித்துச் சான்றிதழோடு வந்த ஒரே ஆள். ஆர்.கே.பேட்டை தாண்டி நெடும்பாறை அட்வென்சர் ரிசார்ட்டில் பயிற்சியாளர் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டி வால்வு கம்பெனி ஒன்று நாற்பது பேரை அங்கே அழைத்துவந்தது. ஒருவரை ஒருவர் தினமும் முறைத்துக்கொள்ளும் நாற்பது பேரைப் பாறையிலிருந்து தொங்கவிட்டால் ஒற்றுமை வளரும் என்று அந்தக் கம்பெனிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் அரசப்பன் தொங்கினார். ஒற்றுமை வளரவில்லை, கயிறு போனது. பதினைந்தடி உயரத்திலிருந்து விழுந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விழுந்த கயிற்றின் முனையைப் பார்த்தால் கத்தியால் வெட்டினமாதிரி இருந்தது. பழி ஷாஹுல் மேல்.

* * *

நெடும்பாறையைக் ‘குட்டி மணாலி’ என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று யாரும் அளக்கவில்லை. அளந்தால் வியாபாரம் கெடும். ‘ரிவர் ராஃப்டிங்’ என்ற பலகைக்குக் கீழே ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் லாரி டியூப். ‘பாராகிளைடிங்’ என்ற பலகைக்குக் கீழே பறக்கும் மனிதன் வரைந்த தட்டி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. தலையை நுழைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் பறந்ததாகக் கணக்கு. உண்மையானது அந்த அறுபதடிப் பாறை ஒன்றுதான். அதைக் கடவுள் செய்ததால் செலவு மிச்சம்.

வாசலில் உரிமையாளர் பரசுராமனின் பத்தடி கட்-அவுட். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் பனிமலையில் தொங்கிக்கொண்டிருந்தார். ஆர்.கே.பேட்டை மக்கள் பனியைக் கடைசியாகப் பார்த்தது ஃபிரிட்ஜில்.

“ஒத்தைக் கையில தொங்கறாரு, சட்டைல இஸ்திரி மடிப்பு கலையல,” என்றாள் கிரேஸ். “பெரிய ஆளுதான்.”

ஆபீஸ் அறையில் பரசுராமனோடு சப்-இன்ஸ்பெக்டர் சந்திரமோகனும் இருந்தார். சம்பவ இடத்தின் விவரங்களை மகஜராக எழுத ஷாஹுலை அழைத்துவந்திருந்தார். மகஜர் தட்டின் ஒரு பக்கம் இருந்தது, பஜ்ஜி மறுபக்கம் இருந்தது. பஜ்ஜிப் பக்கம்தான் வேலை வேகமாக நடந்தது. ஷாஹுல் மூலையில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“வா நைனா, உக்காரு,” என்றார் பரசுராமன் தணிகாசலத்திடம். “முப்பது வருஷம் இரும்பு ரோலிங் மில் ஓட்டினவன் நான். மில்லுல ஒருத்தன் கீழ விழுந்தா நாம டப்பு குடுக்கணும். இங்க விழறதுக்கு அவன் குடுக்கறான். தொழில்னா இது தொழில்.”

ஆயுதபூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அறையில் அசையாத எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பீரோ, தலையில் கறுப்பு வட்டம் விழுந்த ஃபேக்ஸ் மெஷின், கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், சுவர்க் கடிகாரம். சந்திரமோகன் இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் வைத்திருப்பார்கள்.

“காபி சாப்பிடுங்க,” என்று டெலிபோனை எடுத்த பரசுராமன் அதைத் திரும்ப வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக, “மாஸ்டர், நாலு காபி” என்று கத்தினார்.

பழைய ஆபரேட்டரின் கண் டெலிபோனிலேயே நின்றது. “கிச்சன் நம்பர் இன்னா சார்?”

“பதினஞ்சு.”

“இதுல அஞ்சே இல்லியே.”

உண்மைதான். பட்டன்களின் நடுவில் ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குழி.

“எலி கடிச்சிட்ச்சு,” என்றார் பரசுராமன்.

“சுத்தி எட்டு பட்டன் இருக்கு. அஞ்சை மட்டும் தேடிப் போய் கடிச்சிருக்கே. கணக்கு தெரிஞ்ச எலி.”

தணிகாசலம் மேஜைமேல் இருந்த நீலக் கயிற்றைக் கையில் எடுத்தார். அரசப்பனோடு விழுந்த துண்டு. முனை, வெண்டைக்காயை நறுக்கியதுபோல வழவழவென்று சமமாக இருந்தது.

“கத்தியால அறுத்துக்கிறான் பாரு,” என்றார் பரசுராமன். “லீவுல போறதுக்கு முன்னாடியே அறுத்து வெச்சிட்டு, ஞாயித்துக்கிழமை வேணும்னே லேட்டா வந்தான். ஆள் விழுந்தது பத்தேகாலு, இவன் வந்தது பத்தரை. எப்படி பிளான் பாரு.”

“பழவேற்காட்டுலேர்ந்து மூணு பஸ் மாறி வர்றேன் சார். பதினொண்ணுக்குத்தான் ஆரம்பிக்கணும், நான் வராம தொடாதீங்கன்னு சொல்லிருந்தேன்,” என்றான் ஷாஹுல்.

“கயிறு இருந்த ரூமுக்குச் சாவி யார்கிட்ட?” என்றார் தணிகாசலம்.

“இவன்கிட்ட மட்டும்தான்,” என்றார் பரசுராமன், சட்டென்று.

கிரேஸ் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. “சாவி அவருகிட்ட. அவரு வந்தது பத்தரை. ஆளு தொங்கினது பத்தேகாலுக்கு முன்னாடி. அப்போ கயிறு தானா பூட்டைத் தொறந்துகினு வந்து, தானே முடிச்சுப் போட்டுகினு தொங்கிச்சா சார்?”

சந்திரமோகனின் பஜ்ஜி பாதி வழியில் நின்றது.

“இன்னொரு சாவி இருக்கும்... எங்கயோ,” என்றார் பரசுராமன்.

“இருக்கட்டும்,” என்றார் தணிகாசலம். “எஸ்.ஐ. சார், இந்த முனையைப் பாருங்கள். முழுசாக அறுபட்டிருக்கிறது. முழுசாக அறுத்த கயிற்றில் அரசப்பன் எப்படி நாற்பத்தைந்து அடி இறங்கினார்? சரி, பாதிதான் அறுத்திருந்தார்கள் என்றால், மீதிப் பாதி பாரம் தாங்காமல் பிய்ந்து துடைப்பம் மாதிரி நிற்க வேண்டும். இதில் ஒரு நூல்கூடப் பிய்ந்திருக்கவில்லை. இந்த வெட்டு ஆள் விழுந்ததற்கு அப்புறம் விழுந்த வெட்டு. எதையோ நறுக்கி எறிந்திருக்கிறார்கள்.”

“எதை?”

“அதன் ஜோடி எங்கே இருக்கிறதோ, அங்கே போய்க் கேட்போம்.”

* * *

பாறையின் உச்சிக்குப் படிக்கட்டு இருந்தது. தொண்ணூற்றெட்டுப் படி, கைப்பிடி, புதுப் பெயிண்ட். ஒவ்வொரு படியிலும் தணிகாசலம் தன் கொள்கையின் வெற்றியைக் கண்டார். எழுபதாவது படியில் மூச்சு வாங்கியதைக் கொள்கையோடு சேர்க்கவில்லை.

உச்சியில் ஓர் இரும்பு வளையம். அதில் கட்டிய நீலக் கயிற்றின் மேல்துண்டு பாறை விளிம்பைத் தாண்டி இருபதடி கீழே போய், ஒரு வெடிப்புக்குள் நுழைந்து மறைந்தது.

“அறுந்த வேகத்துல சுண்டி உள்ள போய் மாட்டிக்கிச்சு,” என்றார் சந்திரமோகன். “அன்னிக்கே நாலு பேர் சேந்து இழுத்தாங்களாம். வரல.”

“யார் இழுக்கச் சொன்னது?”

சந்திரமோகன் பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் இயற்கைக் காட்சியைப் பார்த்தார். இந்த இடத்துக்கு அவர் முதலாளியாகி இரண்டு வருடத்தில், காட்சியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கீழ்த்துண்டு மாதிரியே இதன் முனையும் வழவழவென்று இருந்தால், நாலு பேர் இழுத்ததில் உருவிக்கொண்டு வந்திருக்கும்,” என்றார் தணிகாசலம்.

“ஆமாம் சார். முடிச்சு போடாத நூலு துணியில நிக்குமா,” என்றாள் கிரேஸ். “அப்போ இந்த முனையில இன்னாவோ மொத்தமா இருக்குது.”

தணிகாசலம் ஷாஹுல் பக்கம் திரும்பினார். “நீ இந்தக் கயிற்றைக் கடைசியாகத் தொட்டது எப்போது?”

“ஆயுதபூஜைக்கு முந்தின நாளு சார். எல்லாத்தையும் பூஜைக்கு வெக்கறேன்னாரு. சந்தனம், குங்குமம் இன்னா வேணா வெச்சுக்கோங்க, நெருப்பு மட்டும் வேணாம், இது நைலான்னு சொன்னேன்.” ஷாஹுல் தயங்கினான். “பூஜை விஷயத்துல நியாயம் பேசறியாடான்னு எல்லார் எதிரயும் கத்தினாரு. நாலு நாள் லீவுன்னு அனுப்பிட்டாரு.”

கிரேஸ் நோட்டைப் புரட்டி டெலிபோன் பக்கத்துக்குப் போனாள்.

“அஞ்சு எங்க போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு சார்,” என்றாள் கிரேஸ்.

தணிகாசலம் தலையை ஆட்டினார். “முப்பது வருடம் ரோலிங் மில். ஆயுதபூஜையன்று ஒவ்வொரு மெஷினாகப் போய், அதன் மேலேயே கற்பூரத்தை வைத்து ஏற்றுவார்கள். தட்டு கிடையாது, வெற்றிலை கிடையாது. இரும்புக்கு என்ன, எரிந்து அணையும், துடைத்துவிட்டுப் போவார்கள். இவர் அதே கையோடு இங்கே வந்தார். டெலிபோனுக்கு நட்டநடுவில் ஏற்றினார், ஐந்து போனது. ஃபேக்ஸ் மெஷின் தலையில் கறுப்பு வட்டம். கம்ப்யூட்டருக்கு மேலே பள்ளம். அந்த வரிசையில் அடுத்தது, அந்த இன்னொரு சாவியால் திறந்து எடுத்துச் சுருட்டி வைத்த நைலான் கயிறு. கயிறு உருகி, கட்டி தட்டி, அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அரசப்பனின் எடையில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை கீழ்த்துண்டைப் பார்த்ததும் இவருக்குப் புரிந்துவிட்டது. உருகின கட்டியைக் கத்தியால் நறுக்கி எறிந்தார். மேல்துண்டிலும் பாதிக் கட்டி இருக்கிறது. அதையும் எடுக்கத்தான் இழுத்தார். அந்தக் கட்டிதான் வெடிப்பில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.”

“கதை நல்லா கீது நைனா,” என்றார் பரசுராமன். நெற்றியில் வேர்வை, குரலில் தைரியம். “அந்தக் கட்டிய காட்டு, பாக்கலாம்.”

சந்திரமோகன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். “திருத்தணியிலேர்ந்து ஃபயர் சர்வீஸ் நாளைக்குத்தான் வருவாங்க. நான் இன்னிக்கு இவனை ஆஜர்படுத்தியாகணும் சார். நீங்க சொல்றதை நம்பி விலங்கை அவுக்க முடியாது. பொருள் வேணும்.”

ஜபீன் தம்பியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டால் வெளியே வர எத்தனை நாளாகும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஷாஹுல், “நானே இறங்கி எடுக்கறேன் சார்” என்றான். “குத்தவாளி சாட்சியத்தைத் தொடக் கூடாது,” என்றார் சந்திரமோகன்.

“ஓனர் சாரே இறங்கலாமே,” என்றாள் கிரேஸ். “வாசல்ல ஒத்தைக் கையில தொங்கறாரே. இங்க ரெண்டு கையும் யூஸ் பண்ணிக்கலாம்.”

“எனக்கு முட்டி வலி,” என்றார் பனிமலை வீரர். “அது சோளிங்கர் ஸ்டூடியோவுல ஸ்டூல் மேல நின்னு எடுத்தது.”

கிரேஸ் துப்பட்டாவை இடுப்பில் செருகத் தொடங்கினாள். செருகி முடிப்பதற்குள், தணிகாசலம் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“எழுதிக்கோ கிரேஸ். இது கயிற்றில் இறங்குவது அல்ல. ஸ்தல ஆய்வு. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.”

“மலை இது, மடு கீழ இருக்குது, பாத்து போங்க சார்.”

ஜபீன் வேனிலிருந்து ஷாஹுலின் பையைக் கொண்டுவந்தாள். அவன் சொந்தக் கயிறு, சொந்தப் பெல்ட். ஒருநாளும் ரிசார்ட்டில் வைத்துவிட்டுப் போகாதவை.

“இதற்குப் பொட்டு வைத்தார்களா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“இல்ல சார். பூஜையன்னிக்கு இது என் தலைமாட்டுல இருந்துச்சு.”

“சார், ஒரு நிமிஷம்,” என்றார் சந்திரமோகன். “கயித்தை அறுத்தான்னு கேஸு. அவன் கையிலயே உங்க கயிறா?”

“அவன் அறுக்கிறவன் என்றால் நான் விழுவேன். உங்கள் கேஸ் சுலபமாக முடிந்துவிடும். விலங்கை எடுங்கள்.”

சந்திரமோகன் கொஞ்சம் யோசித்தார். பிறகு சாவியை எடுத்தார். ஷாஹுல் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, பெல்ட்டைத் தணிகாசலத்தின் இடுப்பில் இறுக்கி, கொக்கியை மாட்டி, முடிச்சை இரண்டு முறை சோதித்தான். மூன்றாவது முறை சோதித்தபோது தணிகாசலம், “போதும்” என்றார். நாலாவது முறை சோதித்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஐந்தடி அவர் பேசிக்கொண்டே இறங்கினார். இதில் என்ன வீரம் இருக்கிறது, பல்லி தினமும் செய்கிறது, அதற்கு யாராவது சான்றிதழ் தருகிறார்களா என்றார். பத்தடியில், குரங்குகள் இதைக் கைவிட்ட பிறகுதான் மனிதனாயின என்றார். அதற்கப்புறம் சத்தமில்லை.

நாலு நிமிடம்.

“சார்,” என்று கிரேஸ் விளிம்பிலிருந்து கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை.

“ஏரி தெரிகிறது,” என்று கீழேயிருந்து பதில் வந்தது. பிறகு, கனைத்துக்கொண்டு, “பொருள் கிடைத்துவிட்டது. இழு.”

மேலே வந்தபோது அவர் கையில் நீலக் கயிற்றின் முனை இருந்தது. நெல்லிக்காய் அளவு கறுத்த கட்டி. நைலான் உருகி இறுகியிருந்தது. அதற்குள்ளே, கண்ணாடிக் கோலியின் நடுவில் நிறம் இருப்பதுபோல, சிவப்பாக ஒரு கோடு. குங்குமம்.

சந்திரமோகன் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“சாமி காரியம் நைனா,” என்றார் பரசுராமன். தைரியம் குரலிலிருந்தும் போயிருந்தது. “நான் இன்னா வேணும்னா பண்ணேன்?”

“கற்பூரம் ஏற்றியது தெரியாத்தனம்,” என்றார் தணிகாசலம். “வேண்டாம் என்று சொன்னவன் பேச்சைக் கேட்காதது திமிர். ஆள் விழுந்த பிறகு கத்தி எடுத்து நறுக்கிவிட்டு, வேண்டாம் என்று சொன்னவனையே மாட்டிவிட்டீர்களே, அதைச் சாமி செய்யச் சொல்லவில்லை. எஸ்.ஐ. சார் கேட்பார்.”

“வாங்க,” என்று சந்திரமோகன் பரசுராமனின் தோளைத் தொட்டார்.

“ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். வக்கீலுக்கு.”

“நம்பர்ல அஞ்சு இருக்குதா?” என்றாள் கிரேஸ்.

இருந்தது. இரண்டு.

* * *

ஜீப் கிளம்பிப் போனது. விலங்கு இன்னொருவர் கைக்கு மாறியிருந்தது. ஜபீன் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

“இனிமேலாச்சும் கருவாட்டுக் கடையில உக்காருவியா?”

“மாட்டேன்.”

“தெரியும். கயித்தை எட்த்துகினு சீக்கிரம் வா. நாஷ்டா கூட துன்னல நீ.”

கிரேஸ் வேனைக் கிளப்பித் திருப்பி நிறுத்தினாள். ஹாரன் அடித்தாள். ஷாஹுல் வரவில்லை. முன்சீட்டில் தொப்பி மட்டும் இருந்தது. தொப்பிக்காரரும் இல்லை. இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டு, தொண்ணூற்றெட்டுப் படி ஏறிப் போனாள்.

உச்சியில் ஷாஹுல் பாதி சுருட்டிய கயிற்றோடு நின்றுகொண்டிருந்தான். அவன் எதிரில் தணிகாசலம், தையல்காரனிடம் அளவு கொடுப்பவர் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

“சார், கீழ இனிமே எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே,” என்றான் ஷாஹுல்.

தணிகாசலம் கையை இறக்கவில்லை. ஷாஹுல் பெல்ட்டை இறுக்கி, கொக்கியை மாட்டினான். முடிச்சை அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டு, விளிம்பில் பின்பக்கமாகக் கால் வைத்தார்.

கிரேஸ் நோட்டைத் திறந்து தேதியும் நேரமும் குறித்துக்கொண்டாள்.

படிக்கட்டு அவருக்கு வலப்பக்கம் பத்தடியில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.